வந்து சேராத பயணி



திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குத் தினமும் ரயிலில் வருபவன் நான். இதே தண்டவாளத்தை நம்பிப் புறப்பட்ட ஒரு சங்கீத மேதை, நம்ம ஊரைத் தொடாமலேயே போய்ச் சேர்ந்த கதை உங்களுக்குத் தெரியுமா?

அவர்தான் உஸ்தாத் அப்துல் கரீம் கான்! 1872-ல் வடக்கே கைரானாவில் பிறந்தவர். பரோடா அரசவையில் பாடினார். மைசூருக்கு வந்து நம் கர்நாடக சங்கீதத்தையும் ஆசையோடு கற்றுக்கொண்டார்.

வெளியே இவ்வளவு புகழ். வீட்டிலோ, மனைவி தாராபாய் பிள்ளைகளோடு பிரிந்து போனார். மகன் அப்துல் ரஹ்மானின் பெயர்கூட சுரேஷ் பாபு மானே என்று மாறியது. பெயரை மாத்தலாம், அப்பா சின்ன வயசில் சொல்லிக்கொடுத்த பாட்டை மாத்த முடியுமா? அவரும் தங்கை ஹீராபாயும் அதே கிரானா பாணியில்தான் பாடிப் பெயர் வாங்கினார்கள்.

இன்னொரு வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். கான் சாகிப்பின் இசைத்தட்டு ஒன்று, மிஞ்சினால் மூணு நிமிஷம் ஓடும். அதைக் கேட்ட 11 வயசுப் பையன், குரு தேடி 1933-ல் வீட்டை விட்டே ஓடிவிட்டான். வாத்தியாரான அப்பா தேடி அலைந்து, ஜலந்தரில் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார். அடித்து உட்கார வைக்கவில்லை. கான் சாகிப்பின் சீடர் சவாய் கந்தர்வரிடமே பாட்டு கற்க விட்டார். பிரித்த குரலே சேர்த்தும் வைத்தது! அந்தப் பையன்தான் பின்னாளில் பாரத ரத்னா பெற்ற பீம்சேன் ஜோஷி.

1937 அக்டோபர் 27. சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தார் கான் சாகிப். வழியில் உடம்புக்கு முடியாமல் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கினார். தம்புராவைச் சுருதி சேர்க்கச் சொல்லி, தர்பாரி ராகத்தில் தொழுதபடியே உயிர் விட்டார் என்பார்கள். பக்கத்தில் மகன் இல்லை.

நண்பர்களே, அரியர் வைத்ததிலிருந்து எங்க அப்பா என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அவர் ரேடியோவில் கச்சேரி வைத்தால் நான் வெளியே கிளம்பிவிடுவேன். இதை எழுதிய அன்றைக்குக் கிளம்பவில்லை. பாடுவது என்ன ராகம் என்று கேட்டேன். ராகத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.