ககனேந்திரநாத் தாகூர்: தனிவழி நடந்த நீர்வண்ண ஓவியர்

லக்ஷ்மிபாய் நகர் (டெல்லி): நவீன இந்திய ஓவிய முன்னோடிகளுள் ஒருவரான ககனேந்திரநாத் தாகூர், 1867 செப்டம்பர் 18 அன்று கொல்கத்தாவின் ஜோராசாங்கோ இல்லத்தில் பிறந்தார். கவிஞர் ரவீந்திரநாத் தாகூர் அவருக்குச் சிற்றப்பா முறை.

தம்பி அவனீந்திரநாத் முகலாயச் சிற்றோவிய மரபை நாடினார். அண்ணன் அவ்வழியில் செல்லவில்லை. ஜப்பானிய ஓவியர்களிடம் கண்ட தூரிகை நுட்பத்தைத் தமதாக்கி, 1912-இல் ரவீந்திரநாத்தின் தன்வரலாற்று நூலுக்குப் படங்கள் வரைந்தார். பின்னர் ஆங்கில மோகம் கொண்ட வங்க மேட்டுக்குடியினரைக் கேலிச்சித்திரங்களில் சாடினார். அவரும் அக்குடியில் பிறந்தவரே என்பது குறிப்பிடத்தக்கது.

1922-இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைஞர்களின் படைப்புகள் கொல்கத்தாவில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, அவரது கியூபிச பாணி ஓவியங்களும் இடம்பெற்றன. பிரிட்டிஷ் விமர்சகர் டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் இவற்றை வெறும் ஐரோப்பிய நகல் எனப் பின்னாளில் ஒதுக்கினார். அது மேலோட்டமான கணிப்பு. ஐரோப்பியர் பொருள்களை உடைத்துக் காட்டினர். இவரோ படிக்கட்டுகளிலும் இருண்ட அறைகளிலும் விழும் ஒளியை நீர்வண்ணத்தில் பிளந்து காட்டினார்.

1930-இல் பக்கவாதம் அவரது பேச்சையும் ஓவியத்தையும் ஒருசேரப் பறித்தது. எட்டு ஆண்டுகள் மௌனத்தில் கழிய, 1938 பிப்ரவரி 14 அன்று காலமானார்.

அவரது ஓவியங்கள் சில டெல்லி தேசிய நவீன கலைக்கூடத்தில் உள்ளன. தேசியக் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்ட அவற்றை விற்பனைக்காக நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லச் சட்டம் அனுமதிப்பதில்லை.