மாண்டிசோரி அம்மையாரும் சொற்சீட்டுகளும்

திண்டிவனம், விழுப்புரம் பக்கங்களில் நம் முன்னோர் திண்ணைப் பள்ளி மணலில் விரலால் வரைந்தே எழுத்தறிந்தனர். அவ்விரலையே கல்விக்கு வாயிலாகக் கொண்ட மேனாட்டார் ஒருவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1870-இல் இத்தாலியிற் பிறந்து வைத்தியம் பயின்ற இவர், 1907-இல் ரோமாபுரியில் ஏழைகள் குடியிருப்பிலே குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார்.

உப்புத்தாள் எழுத்துகளைத் தடவிப் பழகிய சிறார்க்கு, பொருள்களின் பெயரெழுதிய சீட்டுகளைக் கொடுத்தார். வாசித்த சீட்டை அப்பொருளருகே வைத்தல் வேண்டும். சீட்டைக் காட்டி உடனே மறைத்து ஒப்புவிக்கச் செய்யும் முறை அன்று இது. சீட்டு குழந்தையின் கையிலேயே இருந்தது. பின்னர்ப் பொம்மைகளின் பெயர்களை எழுதி மடித்து வைத்து, சரியாக வாசித்தவர் அப்பொம்மையுடன் விளையாடலாம் என்றார். நிகழ்ந்ததோ வியப்பு! பொம்மைகள் கிடந்தபடியே கிடந்தன. குழந்தைகள் அடுத்த சீட்டுக்கே கை நீட்டினர். பரிசு காட்டினாலன்றிப் பாலர் படியார் என்று கருதும் நாம் இதனை எங்ஙனம் மறுப்போம்?

1939-இல் அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். மறுவருஷம் இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசினர் அவர் மைந்தரைக் காவலில் வைத்தனர். அம்மையாரின் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்தினர். அவருடைய 70-ஆம் பிறந்தநாளையொட்டி மைந்தர் விடுதலையுற்றார். பயிற்சி நிற்கவில்லை. கோடைக்கானலிலும் சில காலம் தங்கிச் சிறார் கல்வியை ஆராய்ந்த அம்மையார், 1952-இல் ஹாலந்து தேசத்திற் காலமானார்.