களரி தந்த கவிஞர்

நுழையும் முன்

கலைஞர் ஒருவர் சிறப்பாக ஆடலாம், இனிமையாகப் பாடலாம். அவருக்குப் பின் அக்கலையைக் கற்பிப்பவர் யார்? கற்பவருக்கு உணவும் உறைவிடமும் தருபவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை காண முற்படுபவரே கலைத்துறையின் தலைவர் ஆகிறார். கேரளத்தில் அத்தகைய தலைவராக விளங்கிய கவிஞர் ஒருவரின் வாழ்வை இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் கவிதையும்

குமாரன் ஆசான், உள்ளூர் பரமேசுவர ஐயர், வள்ளத்தோள் நாராயண மேனன் ஆகிய மூவரும் இக்கால மலையாளக் கவிதையின் மும்மூர்த்திகள் எனப் போற்றப்படுவர். இவர்களுள் வள்ளத்தோள் 1878ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் திரூருக்கு அருகிலுள்ள சேன்னரா என்னும் சிற்றூரில் பிறந்தார். தாய்மாமனிடம் வடமொழியும் ஆயுர்வேத மருத்துவமும் பயின்றார். 1905ஆம் ஆண்டு திருச்சூரில் ஓர் அச்சகத்தின் மேலாளர் பொறுப்பை ஏற்றார். அக்காலத்தில் வால்மீகி இராமாயணத்தை மலையாளத்தில் மொழிபெயர்த்துப் பெரும்புகழ் பெற்றார்.

புகழ் வளர்ந்துவந்த வேளையில் துன்பமும் வந்தது. முப்பது வயதைக் கடந்த சில ஆண்டுகளில் அவர் செவிப்புலனை இழந்தார். மருத்துவம் கற்றவராயினும் தம் நோயைத் தீர்க்க இயலவில்லை. அத்துயரைப் பதிரவிலாபம் என்னும் கவிதையாக வடித்தார். ஆயினும் அவர் சோர்ந்து ஒதுங்கவில்லை. நாட்டு விடுதலை உணர்வைப் பாடினார். காந்தியடிகளைத் தம் குருநாதராகக் கொண்டு கவிதை புனைந்தார். வேல்சு இளவரசரின் இந்திய வருகையின்போது தமக்கு அளிக்கப்படவிருந்த அரச மரியாதையையும் ஏற்க மறுத்தார்.

கதகளியின் தளர்ச்சி

கதகளியில் நடிகர் பேசுவதில்லை. பின்னே நிற்கும் பாடகர்கள் பாட, நடிகர் கண்ணாலும் முகத்தாலும் கை முத்திரைகளாலும் கதையை உணர்த்துவார். அடிப்படை முத்திரைகள் 24. அவற்றைப் பலவாறு இணைத்து ஒரு சொற்றொடர் முழுவதையும் கைகளாலேயே சொல்லிவிடலாம். செவி கேளாத கவிஞருக்குச் செண்டையின் முழக்கமும் பாடகரின் குரலும் எட்டவில்லை; ஆயினும் கைகள் பேசிய மொழி அவர் கண்களுக்கு நன்கு புலப்பட்டது.

அக்கலை அப்போது நலிவுற்றிருந்தது. நிலவுடைமைக் குடும்பங்களும் சிற்றரசர்களும் களியோகம் எனப்படும் கதகளிக் குழுக்களைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்தனர். கூட்டுக்குடும்பச் சொத்துகள் பிரிவுபடத் தொடங்கியதும் குழுக்களைப் பேணும் வலிமை குன்றியது. புதிய கல்வி பெற்றோர் பலர் பழங்கலைகளைப் பொருட்படுத்தவில்லை. முதுபெரும் ஆசான்களுக்கு மாணவர் கிடைப்பது அரிதாயிற்று. ஆசான் ஒருவர் மறைந்தால், அவர் கற்ற ஆட்டமுறையும் அவருடன் மறைந்துபோகும் நிலை உருவாயிற்று.

பரிசுச் சீட்டும் பள்ளியும்

ஒரு செல்வர் கைவிட்டால் கலையும் வீழ்ந்துவிடும் என்னும் நிலை மாறவேண்டும் என வள்ளத்தோள் எண்ணினார். கலை பொதுமக்களின் உடைமையாக வேண்டும். அதற்கென நிலையான பள்ளி ஒன்று வேண்டும் எனத் துணிந்தார். குன்னங்குளத்தைச் சார்ந்த மணக்குளம் முகுந்தராஜா அவருக்கு உற்ற துணையாக அமைந்தார். கவிஞரின் பெயர் மக்களை ஈர்த்தது. முகுந்தராஜாவின் செயல்திறம் பணிகளை ஒழுங்குபடுத்தியது.

பள்ளி நடத்தப் பொருள் வேண்டுமே! இருவரும் பரிசுச் சீட்டு விற்கும் திட்டம் ஒன்றை வகுத்தனர். மகாகவி எனப் பெயர்பெற்ற ஒருவர் ஊர் ஊராகச் சென்று சீட்டு விற்பதற்குத் துணிவு வேண்டும். வள்ளத்தோள் அதனை இழிவாகக் கருதவில்லை. செல்வர் ஒருவரின் பெருங்கொடையை விடப் பலர் வாங்கிய சிறு சீட்டுகள் பள்ளிக்குப் பரந்த அடித்தளத்தைத் தந்தன. 1930ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் குன்னங்குளத்தில் கேரள கலாமண்டலம் தொடங்கப்பெற்றது. அப்போது வள்ளத்தோளுக்கு அகவை 52. சில ஆண்டுகளுக்குப் பின் பள்ளி பாரதப்புழையின் கரையிலுள்ள செறுதுருத்திக்கு இடம்பெயர்ந்து அங்கேயே நிலைபெற்றது.

ஆசான்களைத் தேடிய தலைவர்

வள்ளத்தோள் கதகளி ஆடுபவர் அல்லர், பாடுபவரும் அல்லர். ஆதலின் கற்பிக்கும் பொறுப்பை அக்கலையில் தேர்ந்தவர்களிடமே ஒப்படைத்தார். குரு குஞ்சுக் குறுப்பு, பட்டிக்காந்தொடி இராவுண்ணி மேனன் முதலிய ஆசான்களை அழைத்துவந்தார். இராவுண்ணி மேனன் கண்டிப்புக்குப் பெயர்பெற்றவர். கல்லுவழி எனப்படும் ஆட்டமுறையைச் செப்பம் செய்தவர்.

அங்குப் பயிற்சி வைகறையிலேயே தொடங்கும். முதலில் கண்களைச் சுழற்றும் பயிற்சி. பின்னர் உடற்பயிற்சியும் அடவும் முத்திரையும் தொடரும். மழைக்காலத்தில் உடலுக்கு எண்ணெய் பூசி, ஆசான் தம் பாதத்தால் அழுத்தி உருவிவிடும் உழிச்சிலும் உண்டு. நடிப்பதற்குக் கற்பவர் ஒருபுறமிருக்க, பாட்டு, செண்டை, மத்தளம், அரிசிமாவுக் குழம்பால் முகத்தில் சுட்டி அமைக்கும் ஒப்பனை ஆகியவற்றைக் கற்பவரும் இருந்தனர். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மேடை நிறைவு பெறாது.

கதகளி மேடையிலேயே தலைமைக்குரிய பாடம் ஒன்று உண்டு. பாடகர் இருவருள் முதல்வர் பொன்னானி எனப்படுவார். அவர் கையில் சேங்கிலை என்னும் வெண்கலத் தட்டு இருக்கும். இரண்டாமவராகிய சிங்கிடி இலத்தாளம் தட்டி, பொன்னானி பாடிய அடியை வாங்கிப் பாடுவார். இன்று சிங்கிடியாக நிற்பவர் காலம் கனிந்தபின் பொன்னானி ஆவார். நடிகரும் இவ்வாறே சிறு வேடங்களில் தொடங்கி, இடைத்தர வேடங்களைக் கடந்து, முதன்மை வேடத்தை அடைவார். பின்தொடர்ந்து பழகியவரே முன்னின்று நடத்தும் தகுதி பெறுவர் என்னும் இம்மரபைப் பள்ளி காத்தது.

பெண்களின் மோகினியாட்டமும் கலாமண்டலத்தில் இடம்பெற்றது. அந்நாளில் அவ்வாட்டத்தை மதிப்புக் குறைவாகக் கருதியவர் பலர். ஆசிரியர்களும் மாணவியரும் கிடைப்பது எளிதாக இல்லை. அத்தடைகளைக் கடந்து அங்குப் பயின்ற கலாமண்டலம் கல்யாணிக்குட்டியம்மா பின்னாளில் பலருக்குக் கற்பித்தார். அக்கலையைப் பற்றி நூலும் எழுதினார்.

கைமாறிய பொறுப்பு

பள்ளியின் பொருள்முடை எளிதில் தீரவில்லை. வள்ளத்தோள் குழுவினருடன் பல ஊர்களுக்குப் பயணம் செய்து கதகளியை மேடையேற்றினார். சாந்திநிகேதனத்துடன் தொடர்பு ஏற்பட்டது. அங்கிருந்து சாந்திதேவ் கோஷ் வந்து கதகளி பயின்றார். இவ்வாறு ஒரு வட்டாரத்தின் கலையை நாடு அறியலாயிற்று.

1941ஆம் ஆண்டு கலாமண்டலம் கொச்சி அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. தாம் அரும்பாடுபட்டு வளர்த்ததைப் பிறர் கையில் கொடுப்பதற்கு மனவுறுதி வேண்டும். தம் வாழ்நாளோடு பள்ளி முடிந்துவிடலாகாது என்பதே வள்ளத்தோளின் கவலையாக இருந்தது. பொறுப்பு கைமாறிய பின்னும் பள்ளியின் நலனில் அவர் அக்கறை குறையவில்லை. இந்திய அரசு 1954ஆம் ஆண்டு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1958ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் கவலைக்கு மாணவர்கள் விடையளித்தனர். இராவுண்ணி மேனனிடம் பயின்ற வாழேங்கட குஞ்சு நாயர், கலாமண்டலம் இராமன்குட்டி நாயர், கலாமண்டலம் பத்மநாபன் நாயர் ஆகியோர் பின்னாளில் அதே பள்ளியில் ஆசான்களாகவும் முதல்வர்களாகவும் பொறுப்பேற்றனர். அவர்களிடம் பயின்ற கலாமண்டலம் கோபி போன்றோர் கலையை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசென்றனர். அங்குப் பயின்றோர் தம் பெயருக்கு முன் கலாமண்டலம் என்னும் சொல்லைச் சேர்த்துக்கொள்வது வழக்கமாயிற்று. பள்ளி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது. செண்டையின் ஒலியைக் கேட்க இயலாத ஒருவர் அமைத்த களரியில் அவ்வொலி இன்றும் ஓயவில்லை.

சொற்பொருள்

களரி – பயிற்சிக்கூடம்
வைகறை – விடியற்காலம்
அகவை – வயது
நலிவு – தளர்ச்சி
பொருள்முடை – பணத் தட்டுப்பாடு
செப்பம் – சீர், ஒழுங்கு

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மலையாளக் கவிதையின் மும்மூர்த்திகள் யாவர்?
2. களியோகங்கள் நலிவுற்றமைக்குரிய காரணங்கள் இரண்டனை எழுதுக.
3. பொன்னானி, சிங்கிடி ஆகியோரின் பணிகள் யாவை?

ஆ. பத்துத் தொடர்களில் விடை எழுதுக.
1. தாம் கலைஞராக இல்லாமலே வள்ளத்தோள் கலைஞர்களுக்குத் தலைவராக விளங்கியது எவ்வாறு?
2. கலாமண்டலத்தை அரசிடம் ஒப்படைத்தது சரியான முடிவா? உமது கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

இ. பிரித்து எழுதுக.
1. செவிப்புலன்  2. அவ்வொலி  3. பெருங்கொடை

ஈ. செயல்பாடு
நீங்கள் வாழும் பகுதிக்குரிய ஆடற்கலை அல்லது இசைக்கலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதனைக் கற்பிப்பவர் யார், கற்பவர் எத்தனை பேர், அவர்களுக்குள்ள இடர்கள் எவை என நேரில் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.