வேண்டாம் என்று உருக்கப்பட்ட காசு... இப்போது 540,000 பவுண்ட்!

எடை சுமார் 3 கிராம். ஏலத்தில் கிடைத்த விலை 540,000 பவுண்ட்!

இங்கிலாந்தின் டெவன் வட்டாரத்தில் 2021இல் மண்ணிலிருந்து கிடைத்த தங்கக் காசு அது. 2022 ஜனவரியில் ஏலம் போனது.

அந்த விலை தங்கத்துக்கு இல்லைங்க. ஒரு மன்னரின் கணக்குத் தப்பியதற்கு!

யார் அந்த மன்னர்?

மூன்றாம் ஹென்றி. 1207இல் பிறந்தார். தந்தை ஜான் மன்னர் 1216இல் இறந்தபோது அவருக்கு வயது 9தான். 56 ஆண்டு ஆட்சி செய்தார். நீங்கள் இன்று லண்டனில் பார்க்கும் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தை 1245இல் புதிதாகக் கட்டத் தொடங்கியவர் அவரே.

தங்கக் காசு எதுக்கு?

மக்களிடம் அப்போது புழங்கியது வெள்ளி பென்னி. சில்லறை வேண்டுமா? அதையே பாதியாக, காலாக வெட்டிக்கொள்வார்கள்.

ஹென்றியோ தங்கம் சேர்த்தார். முதலில் சிலுவைப் போருக்காக. பிறகு இளைய மகனுக்குச் சிசிலியின் அரியணையை வாங்கித் தரும் ஆசை. 1257இல் செலவு நெருக்கியபோது, சேர்த்த தங்கத்தில் காசு அடித்தார். அதில் அவர் அரியணையில் அமர்ந்திருப்பார்.

எங்கே தப்பு நடந்தது?

காசின் எடை 2 வெள்ளி பென்னி. மதிப்பு 20 பென்னி.

லண்டன் மக்கள் முறையிட்டார்கள். பல ஏழைகளின் மொத்தச் சொத்தே ஒரு காசுக்கு ஈடாகாதே என்றார்கள். மன்னர் காசைத் திரும்பப் பெறவில்லை. விருப்பம் இல்லாதவர்கள் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஏழைக்கு அது எட்டவில்லை. பணக்காரருக்கோ, தங்கத்தின் விலை ஏற ஏற, உருக்கினால்தான் லாபம். 1265இல் மதிப்பை 24 பென்னியாக உயர்த்தியும் பலனில்லை.

1272இல் ஹென்றி காலமானார். இங்கிலாந்தில் மீண்டும் தங்கக் காசு வந்தது 1344இல்தான். வெளியிட்டவர் அவருடைய கொள்ளுப்பேரன் மூன்றாம் எட்வர்ட்.

சரி, இப்போது ஏன் இந்த விலை?

ஹென்றியின் காசுகளில் எஞ்சியவை ஏறக்குறைய 8 மட்டுமே. அவற்றில் பல அரும்பொருளகங்களில் இருக்கின்றன. விற்பனைக்கு வருவது அபூர்வம்.

மதிப்பிடுபவர்கள் இன்னும் சிலவற்றையும் பார்ப்பார்கள்:

- உருவம் தேய்ந்திருக்கிறதா?
- ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா?
- எடை சரியாக உள்ளதா?
- எங்கே கிடைத்தது?

அடுத்த முறை பழைய காசு ஒன்று உங்கள் கையில் கிடைத்தால், எவ்வளவு பழசு என்று மட்டும் பார்க்காதீர்கள். அதுபோல் இன்னும் எத்தனை மிச்சம் என்றும் விசாரியுங்கள்!