துணி விற்றவர் கம்ப்யூட்டர் மேதை ஆனார்!

அமெரிக்காவில், நியூயார்க் நகரில் மேசிஸ் என்று ஒரு பிரமாண்டமான கடை. 1948-ம் ஆண்டு, அங்கே ஆண்கள் உடைப் பிரிவில் ஓர் ஆங்கில வாலிபர் துணி விற்றுக்கொண்டிருந்தார்.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர் அவர். போரில் விமானம் ஓட்டியவர். ஆனாலும் பிழைப்புக்குத் துணி விற்றார்.

அவர்தான் எட்கர் காட். இன்று பாங்கியில் பணம் போட்டாலும், ரெயிலுக்கு டிக்கெட் எடுத்தாலும், அந்தக் கணக்குகள் பெரும்பாலும் அவர் கண்ட முறையில்தான் பதிவாகின்றன.

கடைக்குட்டி

இங்கிலாந்தின் தென் கரையில் போர்ட்லண்டு என்று ஒரு சிறு தீவு. அங்கே 1923-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி எட்கர் பிறந்தார். வீட்டில் 7 பிள்ளைகள். இவர்தான் கடைக்குட்டி. தந்தை தோல் தொழில் நடத்தினார். தாயார் பள்ளி ஆசிரியை.

கல்லூரியில் படிக்கும்போது 2-வது உலகப் போர் நடந்தது. மாணவர் என்பதால் அவர் பட்டாளத்துக்குப் போகவேண்டிய கட்டாயம் இல்லை. இருந்தும் 1942-ல் தாமாகவே விமானப் படையில் சேர்ந்தார்.

துணிக்கடைக்குப் பிறகு சில மாதம் டென்னசியில் கணித ஆசிரியர் வேலை. 1949-ல் ஐ.பி.எம். கம்பெனியில் சேர்ந்தார்.

அப்போது அமெரிக்காவில் செனட்டர் மெக்கார்த்தி கம்யூனிஸ்டு வேட்டை ஆடிக்கொண்டிருந்தார். எட்கருக்கு அது பொறுக்கவில்லை. 1953-ல் கனடாவுக்குப் போய்விட்டார். 1957-ல்தான் திரும்பினார். ரோஷக்காரர்!

கட்டம் போட்ட அட்டவணை

அந்தக் காலத்திலும் கம்ப்யூட்டரில் விவரங்களைச் சேர்த்து வைத்தார்கள். ஆனால் திருப்பி எடுப்பது பெரும்பாடு.

ஒரு பழைய ஆபீசை நினைத்துக்கொள்ளுங்கள். அலமாரி நிறையக் காகிதக் கட்டுகள். எது எந்தக் கட்டுக்கு அடியில் இருக்கிறது என்று கிழட்டுக் குமாஸ்தா ஒருவருக்குத்தான் தெரியும். அவர் லீவு போட்டால் வேலை நின்றுவிடும். கம்ப்யூட்டரின் நிலையும் அதுதான்.

1970-ம் ஆண்டு ஜூன் மாதம் எட்கர் ஒரு கட்டுரை வெளியிட்டார். எல்லா விவரங்களையும் அட்டவணைகளாக எழுதிவிடலாம் என்றார். ஊழியர் பெயர்கள் ஓர் அட்டவணையில். இலாகாக்கள் மற்றோர் அட்டவணையில். இரண்டிலும் இலாகா எண் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்து இரண்டையும் இணைத்துவிடலாம். என்ன வேண்டும் என்று கேட்டால் போதும். அது எங்கே இருக்கிறது என்று தேடுவது கம்ப்யூட்டரின் பாடு.

கம்பெனி தயக்கம்

சொந்தக் கம்பெனியே தயங்கியது. காரணம், சந்திரனுக்கு ஆள் அனுப்பும் திட்டத்துக்காகப் பிறந்த வேறொரு முறையை ஐ.பி.எம். விற்றுக்கொண்டிருந்தது. புதியது வந்தால் பழைய சரக்கு என்ன ஆவது?

எட்கர் விடவில்லை. வாடிக்கையாளர்களிடமே நேரில் விளக்கினார். அவர்கள் கம்பெனியை நெருக்கினார்கள். ஆராய்ச்சி தொடங்கியது.

1974-ல் சேம்பர்லின், பாய்ஸ் என்ற இருவர், அட்டவணைகளிடம் கேள்வி கேட்க ஒரு மொழி செய்தார்கள். அதுதான் எஸ்.கியூ.எல். எட்கர் தாமே ஒரு மொழி வகுத்திருந்தார். அதைக் கம்பெனி எடுத்துக்கொள்ளவில்லை. எஸ்.கியூ.எல்.லில் அவர் கடைசிவரை குறை கண்டார். அதில் நியாயமும் உண்டு.

இதற்குள் வெளியார் முந்திக்கொண்டார்கள். 1979-ல், பின்னாளில் ஆரக்கிள் என்று பெயர் பெற்ற கம்பெனி விற்பனையைத் தொடங்கிவிட்டது. ஐ.பி.எம்.மின் சரக்கு 1981-ல்தான் வந்தது. அதே ஆண்டு எட்கருக்கு டூரிங் பரிசு கிடைத்தது.

எல்லாரும் அட்டவணை முறை என்று சீட்டு ஒட்டி விற்க ஆரம்பித்தார்கள். எட்கருக்குக் கோபம் வந்தது. 1985-ல், அசலையும் போலியையும் பிரித்தறிய 12 விதிகளை வெளியிட்டார்.

2003-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி, புளோரிடாவில், 79-வது வயதில் காலமானார்.

இலவசப் பொட்டலம்

எட்கரின் கட்டுரைகளைப் படித்துப் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் சிலர் ஆராய்ந்தார்கள். அந்த வழியில் வந்தது போஸ்ட்கிரஸ். இதற்கு விலை கிடையாது.

1993-ல் தோன்றிய டெபியனும் அப்படியே. இது கம்ப்யூட்டரை இயக்கும் இலவச ஏற்பாடு. உலகெங்கும் உள்ள தொண்டர்கள், சம்பளம் வாங்காமல், ஒவ்வொரு கருவியையும் பொட்டலமாகக் கட்டி அதில் சேர்க்கிறார்கள். ஒரு பொட்டலம் வேலை செய்ய வேறு எவை தேவை என்றும் எழுதி வைக்கிறார்கள்.

அவற்றில் ஒரு சிறு பொட்டலம் பிஜிசானிட்டி. எஸ்.கியூ.எல்.லில் ஒரு காற்புள்ளி தவறினாலும் கம்ப்யூட்டர் ஏற்காது. எழுதியதை இந்தக் கருவியிடம் கொடுத்தால், அட்டவணைகளைத் தொடாமலே படித்துப் பார்க்கும். எத்தனையாவது வரியில் பிழை என்று சொல்லிவிடும்.