நிதிக் கணிதத்தின் தந்தை லூயி பஷலியே

கணக்குப் பாடம் என்றாலே நம்மில் பலருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். வர்க்கமூலம் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்ட நாளில், இது வாழ்க்கையில் எதற்கு உதவப் போகிறது என்று முணுமுணுத்தவர்களுள் நானும் ஒருத்தி. பஷலியேயின் வரலாற்றைப் படித்த பிறகு அந்த முணுமுணுப்பு அடங்கிவிட்டது.

இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் நிதிக் கணிதம் என்றொரு பாடம் உண்டு. வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் பங்குச் சந்தைகளிலும் பணிபுரிய விரும்புவோர் அதைக் கற்கிறார்கள். அந்தப் பாடத்தின் முதற்படிகளிலேயே நம் வர்க்கமூலம் வந்து நிற்கிறது. அதை அங்கே கொண்டு வந்து நிறுத்திய பெருமை லூயி பஷலியே என்னும் பிரெஞ்சுக்காரரையே சேரும்.

பஷலியே 1870 ஆம் ஆண்டு மார்ச் 11 ஆம் நாள், பிரான்சு நாட்டின் துறைமுக நகரமான லெ ஆவ்ரில் பிறந்தார். தந்தை திராட்சை மது வணிகர். அறிவியலில் ஆர்வம் மிக்கவர். தாய் ஒரு வங்கியாளரின் மகள். 1888 இல் பள்ளி இறுதித் தேர்வில் தேறிய லூயி, உயர்கல்வி பற்றிப் பற்பல கனவுகள் கண்டார். ஆனால் 1889 ஜனவரியில் தந்தை இறந்தார். அந்தத் துயரம் ஆறுவதற்குள், அதே ஆண்டு மே மாதத்தில் தாயும் கண்ணை மூடினார். பத்தொன்பது வயது இளைஞனின் தோளில் குடும்பப் பாரம் முழுவதும் இறங்கியது. மூத்த சகோதரியும் மூன்று வயதுத் தம்பியும் அவரை நம்பி இருந்தார்கள். புத்தகங்களை மூடி வைத்துவிட்டுத் தந்தையின் கடையை ஏற்று நடத்தினார். பின்னர் கட்டாய இராணுவச் சேவைக்கும் செல்ல நேர்ந்தது.

1892 இல்தான் பாரிஸ் நகரத்துச் சொர்போன் பல்கலைக்கழகத்தில் அவரால் மாணவராகச் சேர முடிந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. இடையில் விட்டுப்போன ஆண்டுகளை ஈடுசெய்வது எளிதாக இல்லை. அவர் பெற்ற மதிப்பெண்கள் சாதாரணமானவையே. ஆயினும் மனந்தளராமல் படித்து 1895 இல் கணிதப் பட்டம் பெற்றார். அக்காலத்தின் தலைசிறந்த கணித மேதைகளுள் ஒருவரான ஆன்றி புவாங்காரேயிடம் நிகழ்தகவுப் பாடம் கேட்கும் பேறும் அவருக்குக் கிடைத்தது. கடையில் கற்ற வாணிபமும் வகுப்பில் கற்ற நிகழ்தகவும் அவருடைய ஆராய்ச்சியில் கைகோத்துக் கொண்டன.

அவர் ஆராய்ந்த பொருள் என்ன? பாரிஸ் சந்தையில் அரசின் கடன் பத்திரங்கள் நாள்தோறும் கைமாறின. அவற்றை வைத்து ஒருவகை ஒப்பந்தமும் நடந்தது. நம் ஊரில் வீடு வாங்க அச்சாரம் கொடுப்பதை நினைத்துக் கொண்டால் இது எளிதில் விளங்கும். ஒருவர் சிறு தொகையைக் கொடுத்து, குறித்த நாளில் குறித்த விலைக்குப் பத்திரத்தை வாங்கும் உரிமையைப் பெறுகிறார். அன்று சந்தை விலை ஏறியிருந்தால் வாங்கி இலாபம் அடைவார். விலை இறங்கியிருந்தால் வாங்காமல் விட்டுவிடலாம். கொடுத்த தொகை மட்டுமே நட்டம். அப்படியானால் அந்தச் சிறு தொகை எவ்வளவாக இருந்தால் இருவருக்கும் நியாயம்? இதுதான் பஷலியே எடுத்துக்கொண்ட கேள்வி.

நாளை விலை ஏறுமா இறங்குமா என்பதை யாராலும் சொல்ல இயலாது. அதை முன்கூட்டிச் சொல்ல அவர் முயலவும் இல்லை. விலை எவ்வளவு தூரம் விலகிப் போகக்கூடும் என்பதைத்தான் கணக்கிட்டார். ஒரு நாணயத்தைச் சுண்டுவோம். தலை விழுந்தால் வலப்பக்கம் ஓர் அடி. பூ விழுந்தால் இடப்பக்கம் ஓர் அடி. 100 முறை சுண்டினால் புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்போம்? 100 அடி தள்ளிப் போயிருக்க மாட்டோம். சுமார் 10 அடி என்ற அளவில்தான் விலகி நிற்போம். 10 என்பது 100 இன் வர்க்கமூலம் அல்லவா! 400 முறை சுண்டினால் 20 அடி. அதாவது காலம் நான்கு மடங்கானால் விலகல் இரண்டு மடங்குதான் ஆகும். நானும் என் தோழியும் மதிய இடைவேளையில் 100 முறை சுண்டிப் பார்த்தோம். 54 தலை, 46 பூ. புறப்பட்ட இடத்திலிருந்து 8 அடி தள்ளி நின்றோம். வர்க்கமூலத்தின் மீது எனக்கு முதன்முதலாக மரியாதை வந்தது அன்றுதான்.

1900 ஆம் ஆண்டு மார்ச் 29 ஆம் நாள் பஷலியே தம் ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் முன் வைத்தார். புவாங்காரே அதன் புதுமையைப் பாராட்டி எழுதினார். ஆனாலும் மிக உயர்ந்த தரம் கிடைக்கவில்லை. அதற்கு அடுத்த தரமே கிடைத்தது. சந்தை வியாபாரம் என்னும் பொருள் கணித அறிஞர்களுக்கு அந்நியமாகப் பட்டதே இதற்கு ஒரு காரணம் என்பர். நீரில் மிதக்கும் நுண்துகள்களின் அசைவை விளக்க 1905 இல் ஐன்ஸ்டைன் கையாண்ட கணிதமும் இதே வகையைச் சேர்ந்தது. பஷலியே அதை ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தார்!

பல்கலைக்கழகங்களில் நிரந்தரப் பதவி பெற அந்த இரண்டாம் தரம் தடையாயிற்று. 1909 முதல் சொர்போனில் நிலையான பதவி இன்றியே வகுப்புகள் நடத்தினார். 1914 இல் நல்ல காலம் பிறக்கும் வேளையில் முதல் உலகப் போர் மூண்டது. அவர் போருக்கு அழைக்கப்பட்டார். போர் முடிந்தபின் பெசான்சோன், டிஜோன், ரென் என்று ஊர் ஊராகத் தற்காலிக ஆசிரியராகப் பணிபுரிந்தார்.

1926 இல் டிஜோன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவிக்கு அவர் விண்ணப்பித்தபோது பேரிடி ஒன்று விழுந்தது. அவருடைய கட்டுரை ஒன்றில் பிழை இருப்பதாக ஒருவர் கூற, பால் லெவி என்னும் பெரிய கணித அறிஞர், தம்மிடம் காட்டப்பட்ட பகுதியை மட்டும் பார்த்துவிட்டு, ஆம் பிழைதான் என்று எழுதிக் கொடுத்தார். பதவி கைநழுவியது. முன்பின் சேர்த்துப் படித்திருந்தால் பஷலியேயின் கருத்து சரியென்று விளங்கியிருக்கும். சில ஆண்டுகளுக்குப் பின், உருசிய அறிஞர் கோல்மகோரவ் தம் கட்டுரையில் பஷலியேயைக் குறிப்பிட்டிருந்ததைக் கண்ட லெவி, அவருடைய நூல்களை மீண்டும் எடுத்துப் படித்தார். தம் தவற்றை உணர்ந்து பஷலியேயிடம் வருத்தம் தெரிவித்தார். இருவரும் சமாதானம் ஆயினர். தவறு செய்வது எளிது. அதை ஒப்புக்கொள்வதற்கு அல்லவா பெருந்தன்மை வேண்டும்!

1927 இல், தம் ஐம்பத்தேழாவது வயதில்தான், பெசான்சோனில் பஷலியே நிரந்தரப் பேராசிரியர் ஆனார். 1937 இல் ஓய்வு பெற்று, 1946 ஏப்ரல் 28 அன்று காலமானார். நிதித் துறையில் அவர் பெயரை அறிந்தவர் அன்று மிகச் சிலரே.

பிறகு நடந்ததுதான் வியப்பு. 1950களில் அமெரிக்க அறிஞர் சாவேஜ், பஷலியேயைப் பற்றி நண்பர்களுக்கு அஞ்சலட்டையில் எழுதி விசாரித்தார். அட்டை பெற்றவர்களுள் ஒருவரான பொருளாதார அறிஞர் சாமுவேல்சன் அந்த ஆய்வேட்டைத் தேடிப் படித்து வியந்தார். பஷலியேயின் கணக்குப்படி விலை பூஜ்யத்துக்கும் கீழே போகக்கூடும் என்னும் குறை அதில் இருந்தது. சாமுவேல்சன் அதைத் திருத்தினார். 1973 இல் பிளாக், ஷோல்ஸ், மெர்ட்டன் ஆகியோர், பஷலியே கேட்ட அதே கேள்விக்குப் புதிய விடை தந்தனர். 1997 இல் ஷோல்ஸும் மெர்ட்டனும் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றனர். பிளாக் 1995 இலேயே மறைந்துவிட்டார். பஷலியேயின் பெயரால் 1996 இல் ஒரு நிதிக் கணிதச் சங்கம் நிறுவப்பட்டது. ஆய்வேடு வெளிவந்து நூறு ஆண்டுகள் நிறைந்த 2000 ஆம் ஆண்டில், அச்சங்கத்தின் முதல் உலக மாநாடு அதே பாரிஸ் நகரில் கூடியது.

அன்புத் தோழியரே! பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது நம் பழமொழி. பஷலியே தம் வாழ்நாளில் பூமியை ஆளவில்லை. ஆயினும் பொறுமையோடு தம் பணியைச் செய்தார். அவருடைய வாழ்வில் நான் இரண்டு பாடங்களைக் கண்டேன். குடும்பச் சூழ்நிலையால் படிப்பு தடைப்பட்டாலும், திரும்பவும் தொடங்கத் தயங்கக் கூடாது என்பது ஒன்று. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துப் பிறர் உழைப்பை எடைபோடக் கூடாது என்பது மற்றொன்று. விடைத்தாளில் மதிப்பெண் குறையும் நாளில் நாம் முதலாவதை நினைப்போம். உடன் படிப்பவளின் மதிப்பெண்ணைக் கண்டு சிரிக்கத் தோன்றும்போது இரண்டாவதை நினைப்போம்.