மொ. ஜோ. கோபாலன்

மொரப்பாக்கம் ஜோசியம் கோபாலன் (ஜூன் 6, 1909 - டிசம்பர் 21, 2003) தமிழ்நாட்டைச் சேர்ந்த விளையாட்டு வீரர் ஆவார். எம். ஜே. கோபாலன் என்ற பெயரால் பரவலாக அறியப்பட்டவர். துடுப்பாட்டம், வளைதடிப் பந்தாட்டம் ஆகிய இரண்டிலும் இந்தியாவின் சார்பில் விளையாடிய முதல் வீரர் இவரே. துடுப்பாட்டத்தில் விரைவு மித வேகப் பந்து வீச்சாளராகவும், வளைதடிப் பந்தாட்டத்தில் நடு அரைப் பின்கள ஆட்டக்காரராகவும் (சென்டர் ஆஃப்) விளங்கினார். எதிரணியின் தாக்குதலைத் தடுத்துப் பந்தைத் தம் அணியின் முன்கள வீரர்களுக்கு அளிப்பது இந்த நிலையில் ஆடுபவரின் பணியாகும்.

பிறப்பும் இளமையும்

கோபாலன் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், தாம்பரத்திற்குத் தெற்கே உள்ள மொரப்பாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஊரின் பெயரே இவரது பெயரின் முதலெழுத்தாக அமைந்தது. சிறுவயதில் இவரது குடும்பம் சென்னை திருவல்லிக்கேணிக்குக் குடிபெயர்ந்தது. சேப்பாக்கம் திடல் இப்பகுதிக்கு அருகில் அமைந்துள்ளது. சென்னைத் துடுப்பாட்டத்தில் முன்னணியில் இருந்த ஆங்கிலேயரான சி. பி. ஜான்ஸ்டன் இவரது பந்துவீச்சுத் திறனைக் கண்டறிந்து, தாம் பணியாற்றிய பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலை பெற்றுத் தந்தார். விளையாட்டினால் மட்டும் வாழ்க்கை நடத்த இயலாத அக்காலத்தில், இவ்வேலை இவர் தொடர்ந்து ஆடுவதற்குத் துணையாக இருந்தது. திருவல்லிக்கேணி துடுப்பாட்டக் கழகத்திற்காகவும் விளையாடினார்.

துடுப்பாட்டம்

சேப்பாக்கத்தில் பொங்கலையொட்டி இந்தியர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் இடையே நடைபெற்ற மாகாணப் போட்டிகளில் கோபாலன் புகழ் பெற்றார். 1930இல் விஜயநகரம் இளவரசரின் அணி சென்னைக்கு வந்தபோது, அவ்வணியில் ஆடிய இங்கிலாந்தின் புகழ்பெற்ற மட்டையாளர் ஜாக் ஹாப்சின் இலக்கை வீழ்த்தினார்.

1934 ஜனவரியில் டக்ளஸ் ஜார்டைன் தலைமையிலான இங்கிலாந்து அணிக்கு எதிராகக் கல்கத்தாவில் நடைபெற்ற தேர்வுப் போட்டியில் இந்தியாவுக்காக ஆடினார். முஷ்டாக் அலி, சி. எஸ். நாயுடு, திலாவர் உசேன் ஆகியோருக்கும் இதுவே முதல் தேர்வுப் போட்டியாகும். கோபாலன் ஆட்டமிழக்காமல் 11 ஓட்டங்களும், அடுத்த ஆட்டப்பகுதியில் 7 ஓட்டங்களும் எடுத்து, ஓர் இலக்கையும் கைப்பற்றினார். போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அடுத்த தேர்வுப் போட்டி பிப்ரவரி மாதம் இவரது சொந்தத் திடலான சேப்பாக்கத்தில் நடைபெற்றபோதும் இவருக்கு அணியில் இடம் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் ஆடியதே இவரது ஒரே தேர்வுப் போட்டியாக அமைந்தது.

ரஞ்சிக் கோப்பையின் முதல் போட்டி நவம்பர் 4, 1934 அன்று சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே தொடங்கியது. அக்கோப்பையின் வரலாற்றில் முதல் பந்தை வீசியவர் கோபாலன். அதனை எதிர்கொண்டவர் மைசூரின் கர்ட்டிஸ். ஏ. ஜி. ராம்சிங் 11 இலக்குகளைக் கைப்பற்ற, சென்னை அணி ஒரே நாளில் வெற்றி பெற்றது.

கோபாலன் 1950களின் தொடக்கம் வரை முதல்தரத் துடுப்பாட்டத்தில் விளையாடினார். 78 போட்டிகளில் 2,900க்கும் மேற்பட்ட ஓட்டங்களையும், 190க்கும் மேற்பட்ட இலக்குகளையும் பெற்றார்.

வளைதடிப் பந்தாட்டம்

1935இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்துக்கும் ஆசுதிரேலியாவுக்கும் சென்ற இந்திய அணியில் கோபாலன் இடம்பெற்றார். அவ்வணி அச்சுற்றுப்பயணத்தில் 48 ஆட்டங்களில் விளையாடி அனைத்திலும் வென்றது. இதன் மூலம் இரு விளையாட்டுகளிலும் நாட்டின் சார்பில் ஆடியவர் என்ற சிறப்பை இவர் அடைந்தார்.

1936ஆம் ஆண்டின் தெரிவு

1936ஆம் ஆண்டில் இரு வாய்ப்புகள் ஒரே காலத்தில் கோபாலன் முன் வந்தன. ஒன்று, பெர்லின் ஒலிம்பிக் போட்டிகளுக்கான வளைதடிப் பந்தாட்ட அணியின் தெரிவு ஆட்டங்கள். மற்றொன்று, இங்கிலாந்து செல்லும் துடுப்பாட்ட அணியில் இடம். இந்திய வளைதடிப் பந்தாட்ட அணி 1928, 1932ஆம் ஆண்டுகளில் ஒலிம்பிக் தங்கம் வென்றிருந்தது. துடுப்பாட்ட அணியோ அதுவரை ஒரு தேர்வுப் போட்டியில்கூட வெற்றி பெறவில்லை. எனினும் கோபாலன் இங்கிலாந்துப் பயணத்தையே தெரிவு செய்தார்.

விஜயநகரம் இளவரசரின் தலைமையில் சென்ற அவ்வணி உட்பூசல்களால் பாதிக்கப்பட்டது. லாலா அமர்நாத் பயணத்தின் இடையிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று தேர்வுப் போட்டிகளில் இரண்டில் இந்தியா தோற்றது. ஒன்று வெற்றி தோல்வியின்றி முடிந்தது. சென்னையைச் சேர்ந்த மற்றொரு வீரரான கோட்டா ராமசுவாமி தமது 40ஆம் வயதில் இத்தொடரில் முதன்முதலாகத் தேர்வுப் போட்டியில் ஆடினார். ஆனால் கோபாலன் மூன்றில் ஒன்றிலும் சேர்க்கப்படவில்லை.

மூன்றாவது தேர்வுப் போட்டி ஆகஸ்ட் 15, 1936 அன்று இலண்டன் ஓவல் திடலில் தொடங்கியது. அதே நாளில் பெர்லினில் நடைபெற்ற இறுதி ஆட்டத்தில் தியான் சந்தின் அணி செருமனியை 8-1 என்ற கணக்கில் வென்று தங்கப் பதக்கம் பெற்றது. ஓராண்டுக்கு முன் தம்முடன் ஆடிய தியான் சந்த் பெர்லினில் தங்கம் வென்றபோது, கோபாலன் இங்கிலாந்தில் அணிக்கு வெளியே இருந்தார். பின்னர் இவருக்குத் தேர்வுப் போட்டியிலோ ஒலிம்பிக்கிலோ ஆடும் வாய்ப்புக் கிட்டவில்லை. இரண்டாம் உலகப் போரினால் 1940, 1944ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறாமற்போனதும் குறிப்பிடத்தக்கது.

சிறப்புகள்

1952-53 பருவத்தில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே தொடங்கப்பட்ட போட்டிக்குக் கோபாலன் கோப்பை எனப் பெயரிடப்பட்டது. தேர்வுத் தகுதி பெறாதிருந்த இலங்கைக்கு, முதல்தரப் போட்டிகளில் ஆடும் அரிய வாய்ப்பினை இது அளித்தது. இந்திய அரசு 1964இல் இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது.

மறைவு

கோபாலன் டிசம்பர் 21, 2003 அன்று சென்னையில் தமது 94ஆம் வயதில் காலமானார். அப்போது உயிருடன் இருந்த தேர்வுத் துடுப்பாட்ட வீரர்களுள் உலகிலேயே மூத்தவராக அவர் கருதப்பட்டார்.